கண்ணாடி ரெடியா?

"பழைய பிஎச்பி மொழியிலயா புரோகிராம் எழுதின? இந்தக் காலத்துலயா?"

ஆபீஸில் எல்லோரும் 'தாடி' என்று கூப்பிடும் சீனியர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் கேட்டுவிட்டுப் பக்கத்து மேஜைக்காரர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான் பாருங்கள், அதில் நம் புரோகிராமரின் மானம் கப்பலேறிவிட்டது.

விஷயம் சின்னது. அத்தான் இறந்து, மகளும் வெளிநாட்டில் குடியேறிய பிறகு, அவன் அக்கா தனியாளாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தினாள். கடை போன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அடிக்கும். "என் கண்ணாடி ரெடியா?" பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டியது. ரசீது எண்ணைத் தட்டினால் "தயார்" அல்லது "இன்னும் இல்லை" என்று கணினியே சொல்லிவிடும்படி ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்றாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் கடையில் உட்கார்ந்து நாற்பது வரி எழுதிப் போட்டான். முடிந்த கண்ணாடிக்கு நேரே டிக் அடிக்க, கடையில் லென்ஸ் தேய்ப்பவருக்கும் சொல்லிக்கொடுத்தான். வேலை முடிந்தது. திங்கட்கிழமை அதைப் பற்றி ஆபீஸில் பெருமையடித்தான் பாருங்கள், அதுதான் தப்பு.

"அக்காவுக்கு எழுதினாலும் ஒரு தராதரம் வேணாமா? பைத்தான் மொழியில எழுது" என்றான் தாடி.

அடுத்த சனிக்கிழமை அக்காவிடம் போய் நின்றான்.

"போன வாரம் போட்டது சும்மா வெள்ளோட்டம்க்கா. அதை எடுத்துடு. பைத்தான்ல புதுசா எழுதித் தரேன்."

"எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு மூணு சனிக்கிழமை."

"ஆகட்டுமே, என்ன அவசரம்?" அக்கா முகமெல்லாம் சிரிப்பாகப் பின்னறை மேஜையைத் துடைத்துக் கொடுத்தாள்.

பைத்தானில் வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி கூடினாலும் எல்லாம் படுத்துவிடும். அந்த ஒற்றை இடைவெளியைத் தேடியே இரண்டு சனிக்கிழமை போயிற்று. அக்கா தேநீரோடு வந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

"டேய், உனக்கு ஞாபகம் இருக்கா, நாம சின்னதுல..."

"ஒரு நிமிஷம்க்கா."

அந்த ஒரு நிமிஷம் கடை சாத்தும்வரை நீளும். அக்கா ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு போவாள்.

"பைத்தானா? ஆமை வேகம். நோடுக்கு மாறு" என்றான் தாடி. மாறினான். நாற்பது வரி வேலைக்கு, முன்பின் தெரியாதவர்கள் எழுதிய எட்டாயிரம் கோப்புகள் வந்து இறங்கின. அதில் ஒன்று கோபித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் தலையைத் தூக்கியபோதுதான் அது உறைத்தது. காலையிலிருந்து கடை போன் ஒரு தரம்கூட அடிக்கவில்லை. போன வாரமும் அடித்ததாக நினைவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து எல்லோரும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்!

"அக்கா, வியாபாரம் எப்படி?"

"அது பாட்டுக்குப் போகுது. நீ சாப்பிட்டியா?"

தன் மனம் நோகக் கூடாதென்று மழுப்புகிறாள் என்று முடிவு கட்டினான். இனி முடித்துவிட்டுத்தான் அவள் முகத்தில் விழிப்பது என்று சனிக்கிழமை போவதையே நிறுத்தினான். அக்கா போன் செய்தாள். "முடிஞ்சுதா?" என்பாளோ என்று பயந்து எடுக்கவில்லை. அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதே இல்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை. "ஒரு நடை வந்துட்டுப் போயேன்" என்று செய்தி அனுப்பினாள். "அடுத்த வாரம்" என்று பதில் போட்டான். அந்த அடுத்த வாரம் நான்கு மாதமாக நீண்டது.

அப்புறம் தாடி ஒருநாள் சாவகாசமாகச் சொன்னான்: "பிஎச்பி இப்ப எவ்வளவோ திருந்திடுச்சு, தெரியுமா? சின்ன வேலைக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல."

தாடியைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. ஆனால் கைக்கு வேறு வேலை இருந்தது. அன்று மாலையே பிஎச்பியில் எழுதி முடித்தான். எண்ணிப் பார்த்தால் நாற்பது வரி.

சனிக்கிழமை மடிக்கணினியோடு ஓடினான். பின்னறை மேஜைமேல் முக்காலி கவிழ்த்து வைத்திருந்தது. லென்ஸ் தேய்ப்பவர் மட்டும் இருந்தார்.

"அக்கா எங்க?"

"வெளிநாட்டுக்கு, மக கிட்ட போயிட்டாங்களே சார். செவ்வாய்க்கிழமை பிளைட். இனிமே அங்கேயேதான். கடைய என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு எத்தனை தரம் போன் போட்டாங்க!"

அவனால் அந்த முக்காலியைப் பார்க்க முடியவில்லை.

"எல்லாம் என்னாலதான். அந்தப் பக்கத்தை அன்னிக்கே முடிச்சுக் குடுத்திருந்தா கடை இப்படி நொடிச்சிருக்காது. அக்காவும் போயிருக்க மாட்டா."

அவர் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, கடைக் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். அன்றைய தேதியில் வரிசையாக டிக்குகள்.

"கடை எங்க சார் நொடிச்சுது? மொத நாள் நீங்க போட்டதுதான் இன்னிக்கும் ஓடுது, அதான் போனே வர்றதில்ல; முடிஞ்சுதுன்னு தெரிஞ்சா தம்பி சனிக்கிழமை வரமாட்டான், சொல்லிடாதீங்கன்னு அக்காதான் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."