முருகனுக்குக் கட்டிய முன்பணம்

"உங்க முகம் ஒத்துப்போகலைங்க," என்றார் விடுதிப் பள்ளி அலுவலர் சுந்தரமூர்த்தி, கைப்பேசியை ஹேமநாதனின் முகத்துக்கு நேரே நீட்டியபடி.

ஹேமநாதன் தலையைத் தடவினார். காலையில்தான் திருத்தணி மலைமேல் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியிருந்தார். மீசையும் போய்விட்டது. சந்தனத் தலையின் வெளிச்சம் பொதட்டூர்பேட்டையில் ஓடும் அவருடைய தறி வரைக்கும் அடித்திருக்கும்.

மகள் பிரியங்கா இங்கே பதினொன்றாம் வகுப்பு. லேப்டாப் வாங்கப் பள்ளி அறக்கட்டளை பாதி விலை தருகிறது. பதிவில் இருக்கும் தகப்பன் முகமும் நேரில் வந்த முகமும் ஒன்றுதான் என்று கைப்பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றே கடைசி நாள்.

"காரியம் முடிஞ்சப்புறம்தானேங்க மொட்டை போடுவாங்க?" என்றார் சுந்தரமூர்த்தி.

"அப்படித்தான் சார் ஊரே முருகனைக் காக்க வைக்குது. இந்த லேப்டாப்புக்கு நான் முன்கூட்டியே கட்டிட்டேன். வாங்கிக்கினப்புறம் அவரு இல்லன்னு சொல்ல முடியுமா?"

"அவரு ஒத்துக்கினாரு பாவா. மெஷின்தான் ஒத்துக்கல," என்றான் வண்டியில் கூட்டி வந்த மைத்துனன் திலீப்.

"சந்தனத்தைக் கழுவிட்டு வாங்க," என்றார் சுந்தரமூர்த்தி.

கழுவியதும் நிலைமை மோசமானது. சந்தனம் மறைத்திருந்த பளபளப்பு முழுதாக வெளியே வந்து, கைப்பேசித் திரை வெள்ளையாகிப் போனது.

"தலையில எதுனா வச்சா சரியாப்பூடும்," என்று திலீப் கடைத்தெருவுக்குப் பறந்தான். நாடகச் சாமான் வாடகைக் கடையில் மிச்சமிருந்தது ராஜா வேஷத்து முடி ஒன்றுதான். தோள் வரை சுருள். உச்சியில் தைத்த கிரீடம்.

"கிரீடத்தைக் கழட்டுடா!"

"கழட்டினா முடியும் கூடவே வருது பாவா."

மீசைக்கு, விடுதிப் பெட்டிகளில் பேர் எழுதும் அழியாத மை. திலீப் அக்கறையோடு வரைந்தான். இடப்பக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. சமப்படுத்த வலப்பக்கம் நீட்டினான். கடைசியில் இரண்டும் காதைத் தொட்டன.

கைப்பேசி வெகுநேரம் யோசித்தது. சிவப்புப் பெருக்கல் குறி.

"இன்னும் ஒரே வாட்டிதாங்க. தப்பினா பூட்டிக்கும். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

மகாராஜாவுக்குக் கண் கலங்கியது. "கூடப் படிக்கிற புள்ளைங்க சோறு துன்ற நேரத்துலதான் சார் அதுங்க லேப்டாப் எம் பொண்ணு கைக்கு வருது. இது சோத்தை வுட்டுட்டுப் படிக்குது."

சுந்தரமூர்த்தி கைப்பேசியை மறுபடி உயர்த்தினார். "சரி, ஆடாம நில்லுங்க."

ஆடாமல்தான் நின்றார். கிரீடம்தான் நிற்கவில்லை, வழுக்கிக் கண்ணை மூடியது. "இரு பாவா!" என்று திலீப் குறுக்கே பாய்ந்து அதைத் தூக்கினான்.

டிங்!

பச்சைக் குறி. 'தகப்பனார் உறுதி செய்யப்பட்டார். உதவித்தொகை அனுமதி.'

சுந்தரமூர்த்தி திரையைப் பார்த்தார். பூசணிக்காய் முகமும் மூக்குக்கண்ணாடியுமாக நிற்கும் திலீப்பைப் பார்த்தார். முருங்கைக்காய் போன்ற ஹேமநாதனைப் பார்த்தார்.

"முருகா!" ஹேமநாதன் மலை இருக்கும் திசையில் கும்பிட்டார். "என் முடியை வாங்கிக்கினு இவன் மூஞ்சியைக் குடுத்தியே!"

"மெஷின் கெட்டுப்போச்சுங்க," என்றார் சுந்தரமூர்த்தி. "சென்னை ஆபீசுக்குச் சொல்லணும்."

"சொல்லாதீங்க சார், இது அற்புதம்!"

"அற்புதத்துக்குக் கணக்குல எடம் இல்லைங்க!"

திலீப் மட்டும் கிரீடத்துக் கண்ணாடிக் கற்களை மிக உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

வகுப்பு மணி அடித்தது. ஓடி வந்த பிரியங்கா பச்சைக் குறியைப் பார்த்தாள், திலீப்பைப் பார்த்தாள், காதுவரை மீசை வைத்த மகாராஜாவைப் பார்த்தாள்.

"மெஷின் கரெக்டாத்தான் சொல்லுது நைனா! என்னை இங்க சேர்த்தன்னிக்குத் தறியை நிறுத்த முடியாதுன்னு நீ வரவேயில்ல. அப்பான்னு சொல்லிப் போட்டோவுக்கு நின்னது மாமாதானே?"