பத்திரத்துக்காக நான் கட்டிய சிறை

எதையும் நாலு தடவை சரிபார்க்கிற ஒருத்தி, சரிபார்த்தே ஆகவேண்டிய அந்த ஒரு நாளில் மட்டும் எப்படிப் பார்க்காமல் விட்டாள்?

காஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். மூடித்தான் இருக்கும். மறுபடி கிளம்புவேன், மறுபடி திரும்புவேன். (எதிர்வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதையே விட்டுவிட்டது. அதற்கும் ஒரு பொறுமை உண்டல்லவா?) இப்படிப்பட்ட நான், என் மகளின் முதல் வருடத்தை என் கையாலேயே அழித்தேன்.

எங்கள் வீடு தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கணவருக்குப் பெங்களூரில் ஒரு பட்டறையில் வேலை. அவர் விடிகாலை ரயிலுக்குக் கிளம்பும்போது மகள் தூங்குவாள். திரும்பி வரும்போதும் தூங்குவாள். வாரநாட்களில் அவர் பெற்ற பெண்ணை விழித்த நிலையில் பார்த்ததே அபூர்வம்.

ஒரு புதன்கிழமை காலை, வீட்டுப் பின்பக்கத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"ஓடியாம்மா! பொண்ணு நடக்கப் போவுது!" என்று மாமனார் கத்தினார். போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். நடந்தாள். முழுவதையும் வீடியோ எடுத்துவிட்டேன். கணவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"அனுப்பட்டுமாங்க?"

"வாணாம், வாணாம். இங்க டவர் வேற சரியா கெடைக்கல. இத்துனூண்டு போன்ல பாக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை டிவில போடு. காப்பி குடிச்சிகினு உக்காந்து பாக்கறேன்."

போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அதனால் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த எல்லாப் படங்களையும், அந்த வீடியோவையும் சேர்த்து, லேப்டாப்புக்கு மாற்றினேன். சரியாக மாறியிருக்கிறதா என்று நாலு தடவை பார்த்துவிட்டுத்தான் போனில் இருந்தவற்றை நீக்கினேன். (அதையெல்லாம் ஒழுங்காகச் செய்வேன்.)

பிரசவத்துக்காக வேலையை விட்டிருந்த நான், மறுபடி சேரும் ஆசையில் ஆன்லைனில் லினக்ஸ் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரப் பாடம் 'சிரூட்'. கம்ப்யூட்டரில் எல்லாக் கோப்புகளுக்கும் தொடக்கமாக ஓர் இடம் உண்டு. அதை ரூட் என்பார்கள். சிரூட் என்ற கட்டளை ஒரு புரோகிராமை அழைத்து, "இந்தச் சின்ன போல்டர்தான் உனக்கு ரூட். இதற்கு வெளியே உலகம் இல்லை" என்று சொல்லிவிடும். அதுவும் நம்பிவிடும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிச் சுரங்கத்துக்குள் போனவனுக்கு, அவன் இறங்கிய அந்தத் தளம்தான் உலகம் என்பதுபோல.

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட நல்ல கண்டுபிடிப்பு உண்டா? மகளின் படங்களுக்கெல்லாம் வாயில் நுழையாத எண்கள்தான் பெயராக இருந்தன. தேதிவாரியாகப் பெயர் மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். அது கெட்டுப்போய் லேப்டாப் முழுக்கப் பெயர் மாற்றிக்கொண்டே போனால்? உடனே அதற்கு ஒரு சிறை கட்ட முடிவு செய்தேன்.

'பிட்', அதாவது சுரங்கக் குழி, என்று பெயர் வைத்து ஒரு போல்டர் தொடங்கி உள்ளே நுழையப் பார்த்தேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கம்ப்யூட்டர். எதிரிலேயே இருக்கிறதே என்று நான் சண்டை போட்டேன். பிறகுதான் புரிந்தது, உள்ளே போகிற புரோகிராமுக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். தனிக்குடித்தனம் வைப்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கொண்டு போய் வைத்தேன். கடைசியில் படங்கள். அவற்றை நகலெடுக்க லேப்டாப்பில் இடம் போதவில்லை. அதனால் படங்கள் இருந்த போல்டருக்குச் சிறைக்குள்ளிருந்து ஒரு கதவு வைத்தேன். அப்படி வைக்க வழி உண்டு. நகல் இல்லை, அதே அறைக்கு இன்னொரு வாசல், அவ்வளவுதான்.

எல்லாம் அழகாக நடந்தது. பெயர்கள் மாறின. மகள் தூங்கிக்கொண்டிருந்த சனிக்கிழமை மத்தியானம், என்னை நானே மெச்சிக்கொண்டு சிறையை விட்டு வெளியே வந்தேன். வேலை முடிந்தால் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டாமா? 'பிட்' போல்டரை உள்ளிருக்கும் எல்லாவற்றோடும் சேர்த்து அழிக்கச் சொன்னேன்.

கதவை அடைக்கவில்லை.

அது அழித்துக்கொண்டே இருந்தது. இத்தனை சின்ன போல்டருக்கு இவ்வளவு நேரமா, லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பொங்கவில்லை. திரும்பி வந்தால் ஒரே ஒரு வரி: படங்களின் போல்டரை மட்டும் நீக்க முடியவில்லை, அது வேலையாக இருக்கிறதாம். அப்படி என்ன வேலை என்று திறந்து பார்த்தேன். காலி. அசல் இடத்துக்கு ஓடினேன். அங்கும் காலி.

பின்பக்கம் போய் நின்றேன். மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, பேயறஞ்ச மாரி கீற?"

"பாப்பா போட்டோ எல்லாம் போச்சு மாமா. நடந்த வீடியோவும்."

"எவன் எடுத்தான்?"

"நானேதான் அழிச்சேன். ஒரு ரூம் கட்டி, அதுலேர்ந்து நம்ம அலமாரிக்கு ஒரு கதவு வச்சேன். அப்புறம் ரூமை இடிச்சிட்டேன். கதவை அடைக்கல."

அவர் அதைச் சுரங்க பாஷைக்கு மாற்றினார்.

"அப்ப, ஆளுங்க கீழ இருக்கசொல்ல வேட்டு வச்சிட்ட."

"ஆமாம் மாமா."

"டோக்கன் எண்ணலியா?"

சுரங்கத்தில் அவர் காலத்து வழக்கம் அது. இறங்கியவர்களின் டோக்கன் எல்லாம் பலகைக்குத் திரும்பிய பிறகுதான் வெடி வைப்பார்களாம். இப்போது எங்கள் வீட்டில் பூட்டுப் போட்டாலும், தொட்டியை மூடினாலும், பிரிட்ஜைச் சாத்தினாலும் யாராவது ஒருவர், "டோக்கன் எண்ணியாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். மகளும் தன் பொம்மைப் பெட்டியை மூடும்போது கேட்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

கணவரிடம் அன்று இரவு சொல்ல வாய் வரவில்லை. ஞாயிறு காலை அவர் துண்டால் டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேபிள் எங்க வச்ச?"

சொன்னேன். துடைப்பதை நிறுத்தவில்லை.

"பேக்கப்பு, பேக்கப்புன்னு ஊருக்கெல்லாம் சொல்வியே?"

"அடுத்த வாரம் எடுக்கலாம்னு..."

"சரி, வுடு. பொண்ணு கீறா இல்ல? படந்தான போச்சு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். ஏற்கெனவே நிறைந்திருந்த தொட்டியில் வெகுநேரம் தண்ணீர் பிடித்தார். அவர் திட்டியிருக்கலாம். நான் இன்னும் சௌகரியமாக இருந்திருப்பேன்.

பெங்களூரில் படங்களை மீட்டுத் தருகிற ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். "எஸ்.எஸ்.டி.யா? ஆகல்ல மேடம்" என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். அந்த வகைச் சேமிப்பில் அழித்தால் அழித்ததுதானாம். பிறகு நானே தேடியதில் ஒன்று கிடைத்தது. வீடியோவைத் திறக்குமுன் அடையாளத்துக்குக் காட்டுவதற்காக, லேப்டாப் வேறொரு மூலையில் சேமித்து வைத்திருந்த தபால்தலை அளவுப் படம். வீடியோவின் முதல் காட்சி. மங்கலாக ஒரு குழந்தை நிற்கிறது. அதன் எதிரே நீலமாக ஏதோ ஒன்று.

கணவர் அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். பெரிதாக்கியதில் இன்னும் மங்கிவிட்டது. ரயிலில் உடன் வருகிறவர்களிடம் காட்டுவாராம்: "பாத்தியா, இந்த நீலம் என் இன்னொரு யூனிபார்ம் சட்டை. தோச்சு கொடில போட்டிருந்தா. நான் ஊட்ல இல்லன்னதும் என் சட்டைய பாத்து நடந்துச்சுப்பா என் பொண்ணு!" வீட்டிலும் இந்தக் கதைதான். மகள் இதைக் கேட்டுக்கேட்டு, இப்போது அவர் சட்டையைக் கொடியில் பார்த்தால் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டுகிறாள். மாமனார் என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன்.

அன்று கொடியில் அவர் சட்டையே இல்லை; ஒன்று அவர் உடம்பில் பெங்களூரில், இன்னொன்று மடித்துப் பெட்டியில். அந்த நீலம் நான் துணி அலசி வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி. மகள் நேராக அதற்குத்தான் நடந்தாள். நடந்து, சோப்புத் தண்ணீரில் கையை விட்டு வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் பார்க்கவேண்டியதை அழித்தவள் நான். அவர் பார்த்ததாக நினைப்பதையும் நானே அழிக்கலாமா? சொன்னால் சரியா, சொல்லாமல் இருந்தால் சரியா? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். அவருக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள்.