டயர் கடைக்குப் பின்னால் நாலு மேஜை

எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் ரகத்தை உங்களுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் ரகசியம் காக்கும் ரகத்தையும் தெரியும். இந்த இரண்டையும் ஒரே சட்டைக்குள் போட்டு மூடிக்கொண்டு நடமாடும் மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது. புறநகரில்தான் அது நன்றாகச் செழிக்கிறது. லிஃப்டில் நாலாவது மாடிக்கும் தரைக்கும் இடையில் ஒருவர் உங்களை மடக்கி, "இந்த ஏரியால ஒரு நல்ல பீட்சா கிடைக்குதா, சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்டால், அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு வேண்டியது பதில் அல்ல.

நம் சர்வேயரையே எடுத்துக்கொள்ளுங்கள். விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது அவர் உத்தியோகம். எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்கிற பழக்கம், சாப்பாட்டு மேஜை வரைக்கும் அவரோடு வந்துவிட்டது. பீட்சா வந்தால் ஒரு துண்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, கீழே எட்டிப் பார்ப்பார். நகத்தால் ஒரு தட்டு. அதுவரை மனைவியும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சீஸ் உறைந்து, பசி அடங்கி, மகள் போனை எடுத்த பிறகுதான் தீர்ப்பு வரும். "அடி வேகல." இல்லையென்றால், "டோட்டல் லாஸ்."

பதினோரு வருஷமாக இப்படித்தான். நகரத்தின் நடுவில் இருந்தவரைக்கும் அவர் பீட்சாவைப் பற்றிப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. இரண்டு படுக்கையறை வீட்டை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்த மறு மாசமே நிபுணராகிவிட்டார். மெயின் ரோட்டுக் கடை, பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடை, ஆஸ்பத்திரிக்கு எதிரே வரிசையாக நிற்கும் மூன்று கடைகள் என்று எல்லாவற்றுக்கும் போனார், எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தார், எல்லாவற்றையும் கைகழுவினார். புறநகர் என்றால் காற்று வரும், கார் நிறுத்த இடம் கிடைக்கும், பீட்சா மட்டும் கிடைக்காது என்பது அவர் கண்ட உண்மை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். நல்லது கிடைக்காத ஊரில் நல்லதைத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பது சின்ன சுகமா என்ன?

அந்த சுகத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆபத்து வந்தது.

விளக்குக் கம்பத்தில் மோதிய கார் ஒன்றைப் பார்க்க டயர் கடைக்குப் போயிருந்தார். குனிந்து பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரப்பர் நாற்றத்தைத் தாண்டி ஒரு வாசனை வந்தது. மூக்கு போன வழியே போனார். டயர் கடைக்குப் பின்னால், லாண்டரியை ஒட்டி, நாலே நாலு மேஜை போட்ட ஒரு கடை. புருஷன் விறகடுப்பில், பெண்சாதி கல்லாவில். சர்வேயர் உட்கார்ந்தார், வரவழைத்தார், தூக்கிப் பார்த்தார். அடியில் அங்கங்கே கருகலும் பழுப்புமாகப் புள்ளிகள். தட்டினார். மொறுமொறு என்று சத்தம் வந்தது. கடித்தார். கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷம் திட்டித் தீர்த்த மனுஷன் உண்மையாகவே சந்தோஷப்பட்டார் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நல்லா இருந்துச்சா சார்?" என்றாள் கல்லாவில் இருந்தவள்.

"பிரமாதம்மா."

"நாலு பேர்கிட்ட சொல்லுங்க சார். இங்க ஒரு கடை இருக்குன்னே யாருக்கும் தெரியல."

"கண்டிப்பா சொல்றேன்."

சொன்னாரா? வாசலைத் தாண்டுவதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். நாலு பேர் வந்தால் நாற்பது பேர் வருவார்கள். நாற்பது பேர் வந்தால் இடம் கிடைக்காது. இடம் கிடைக்காவிட்டால் கடையைப் பெரிதாக்குவார்கள், கிளை திறப்பார்கள், அடுப்பைத் தூக்கிவிட்டு மெஷின் வைப்பார்கள், கடைசியில் அடி வேகாது. ஆகவே கடையைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருப்பதாக அவர் முடிவு கட்டினார்.

எப்படிக் காப்பாற்றினார், பாருங்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு "ஒரு வண்டி பார்க்கணும்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவார். சுவரைப் பார்த்த மேஜையில் முதுகைக் காட்டி உட்காருவார். பார்சல் மட்டும் வாங்கவே மாட்டார், அட்டைப்பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். பெட்ரோல் பங்கில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, கார் ஜன்னல் நாலையும் திறந்துவிட்டு வீடு திரும்புவார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பசி இல்லை என்றால் வேலை அலைச்சல் என்பார்.

எதிர் வீட்டுக் கணக்கு வாத்தியார் ஒருநாள் லிஃப்டில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "டயர் கடைப் பக்கம் ஏதோ புதுசா பீட்சா கடையாமே சார்? கேள்விப்பட்டீங்களா?"

"அதுவா? ஒரு தடவை போனேன். மூணு நாள் வயிறு சரியில்ல. போயிடாதீங்க."

"அப்படித்தான் நானும் கேள்விப்பட்டேன்" என்றார் வாத்தியார், ரொம்ப நிம்மதியாக. அந்த நிம்மதியைக் கொஞ்சம் குனிந்து பார்த்திருக்க வேண்டும் நம் சர்வேயர். பார்க்கவில்லை.

மகளின் பிறந்தநாள் வந்தது. சிநேகிதிகள் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் பீட்சா வேண்டும் என்றாள். சர்வேயர் இரண்டு நாள் தவித்தார். பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு வீடு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக் கடையிலிருந்தே வரவழைத்தார். பெற்ற பெண் அட்டையைக் கடித்துக் கடித்து இழுப்பதைப் பார்த்தபடி, "இந்த ஏரியால இவ்வளவுதாம்மா கிடைக்கும்" என்று பெருமூச்சு விட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

இதற்கிடையில் கடையில் நாலு மேஜை மூன்றாகி, மூன்று இரண்டானது. வாரம் முழுக்க எரிந்த அடுப்பு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் எரிந்தது. பன்னிரண்டு வகை ஐந்தாகச் சுருங்கியது. சர்வேயருக்குப் பரம திருப்தி. கூட்டமே இல்லை, என்ன அமைதி! எந்தக் காரைப் பார்த்தாலும் என்ன சேதம் என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய மனுஷனுக்குக் கண்ணெதிரே நடந்தது தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை கல்லாக்காரி போன் செய்தாள். "கடையை மூடுறோம் சார். இவ்வளவு நாள் ஆதரவு குடுத்தீங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க, கடைசியா ஒண்ணு நாங்களே போட்டுத் தர்றோம்."

இடி விழுந்தாற்போல் இருந்தது. சனிக்கிழமை அதே இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டுப் போனார். அன்றைக்குப் பார்த்து அங்கே இன்னும் நாலு கார்கள் நின்றன. உள்ளே நுழைந்தார். கடை நிரம்பியிருந்தது. இரவல் மேஜை நாற்காலிகள் வேறு. சுவரைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் திரும்பினார். கணக்கு வாத்தியார். அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடிப் பல் டாக்டர், மகளின் சிநேகிதி வீட்டார், குடியிருப்புச் சங்கச் செயலாளர். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மூலை மேஜையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்பா?"

மகளுக்குப் பக்கத்தில் மனைவி. கையில் ஒரு துண்டு.

"நீ... நீங்க எத்தனை நாளா?"

"செவ்வாய்க்கிழமை வந்துட்டிருந்தோம். அன்னைக்கு அடுப்பை நிறுத்தினப்புறம் வெள்ளிக்கிழமை" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவீங்கன்னு பயந்தோங்க."

கல்லாக்காரி ஒவ்வொரு மேஜையாக வந்தாள். "இத்தனை பேரும் ஒரே இடத்துலேர்ந்தா வர்றீங்க? வந்தவங்க அத்தனை பேரும் நல்லா இருக்குன்னுதான் சார் சொன்னீங்க. ஒருத்தராவது இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்திருந்தா..." பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். சர்வேயர் முன்னால் பீட்சா வந்தது. முதல் முறையாக அவர் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் பேட்டரி விற்கிறார்கள். போன வாரம் சர்வேயர் லிஃப்டில் ஒருவரை மடக்கி, "ஒரு அருமையான கடை இருந்துச்சு சார். இந்த ஏரியா ஜனங்களுக்கு ருசி தெரியல, மூடிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியாரும் அதே லிஃப்டில் நின்று தலையாட்டினாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் மனசில் ஒரு சந்து வந்து போயிற்றே, அதில் ஒரு சின்னக் கடை, எப்போது போனாலும் காலியாக இருக்கும் மேஜை, நீங்கள் சொல்லாமலேயே உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள்? அதைப் பற்றி இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? சரி, போகட்டும். எங்கே இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்லுங்கள். சத்தியமாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.