ஒன்பதாவது தட்டில் ஆறுமணிக்குருவி

ஊருக்கு நல்லது செய்கிறவன் தன் நிச்சயதார்த்தத்தன்று மட்டுமாவது லீவு போட வேண்டும். நான் போடவில்லை.

மதுரையில் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழும் பறவைகளைக் கண்காணிக்க ஒரு தன்னார்வலர் குழு நடத்திவந்தேன். (குழு என்றால் நாலு பேர். தலைவர் பதவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.) மயங்கிக் கிடக்கும் பறவையைத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் இருட்டில், சத்தமில்லாமல் வைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அன்று காலை காளவாசலில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் கீழே கிடந்த ஆறுமணிக்குருவியை, குழுவில் ஒருவனான ரஃபீக் எடுத்து வந்தான். கையில் கிடைத்த இனிப்புக்கடைப் பெட்டியில் துளை போட்டு வைத்திருந்தான்.

"மூச்சு இருக்கு மாப்ள, நீ பாத்துக்க."

ஒத்தக்கடையில் பெண் வீட்டுக்குப் பின்னால் தோப்பு உண்டு. அங்கே பறக்கவிடலாம் என்று பெட்டியை வேனின் பின்சீட்டில் வைத்தேன்.

பெண் வீட்டில் தட்டுகளைப் பரப்பினார்கள். பெண்ணின் அம்மா ஒரு பெட்டியைத் தூக்கி, "இதுல எதுக்கு ஓட்டை?" என்று கேட்டபடியே திறந்தார். உள்ளே குருவி அசையாமல் கிடந்தது.

என் தாய்மாமா மெல்லச் சொன்னார்: "தட்டு எட்டுதான் இருந்துச்சு. ஒத்தப்படையா வேணும்ல? அதான் வேன்ல கெடந்த பெட்டியையும் ஒரு தட்டுல வச்சேன்."

பெண்ணின் பெரியப்பா எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துல செத்த குருவியா? தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

"சாகல பெரியப்பா, மயக்கந்தான். மூடி வச்சுட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தா எந்திரிச்சிரும்" என்றேன். (நிச்சயதார்த்த வீட்டில், இரண்டு குடும்பத்தையும் பேசாமல் இருக்கச் சொன்ன முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.)

கதவோரம் நின்ற மீனா, பெண் அவள்தான், "உக்காருங்க பெரியப்பா. பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றாள்.

உட்கார்ந்தார். ஃபேனைக்கூட நிறுத்திவிட்டார்கள். பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் வியர்வையில் நனைய, மொத்தக் கூட்டமும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. அது செத்திருந்தால் என் கல்யாணமும் செத்தது. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

கடைசியில் உள்ளே பிராண்டும் சத்தம் கேட்டது. பெட்டியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்த் திறந்தேன். குருவி தோப்புக்குள் பறந்து போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மீனாவின் அம்மா, என் வருங்கால அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "எங்க வீட்டாளுக இம்புட்டு நேரம் பேசாம இருந்து இன்னைக்குத்தான் பாக்குறேன். தட்ட மாத்துங்க."

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் நான் இனிப்பு வாங்கிப் போனால், அத்தை எல்லோர் முன்னாலும் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "லட்டுதான், பயப்படாம வாங்க" என்கிறார்.