வாளிக்குள் ஒரு முள் இறால்

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு மன்னிப்பே கிடையாது. எனக்குக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவன் நான். மெல்பேர்னுக்கு வந்து, ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். ஐந்தாவது வருடம் மனைவியின் தம்பி யாரையோ பிடித்து எனக்கொரு சந்தர்ப்பம் வாங்கித் தந்தான். கிழக்கே மலைப்பக்கத்தில் ஆற்று இறால் கணக்கெடுப்பு. ஒருநாள் அவர்களோடு போய்வர வேண்டும், அவர்களுக்கு என்னைப் பிடித்துப்போனால் வேலை. (கிடங்கில் வயிற்றுவலி என்று சொல்லி லீவு எடுத்தேன்.)

முதுகெல்லாம் முள்ளோடு, கடல் சிங்கி இறாலின் ஒன்றுவிட்ட தம்பி போலிருக்கும் அந்தப் பிராணி, உலகத்திலேயே அந்த மலையின் இரண்டு ஓடைகளில் மட்டும்தான் உண்டு. மூன்று மாதமாகத் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை என்றார், பொறுப்பாளர் ஹெலன். அன்று காலை, கை விறைக்கும் குளிரில், கல்லுக்கு அடியிலிருந்து ஒன்றைப் பிடித்தது யார்? நான்தான். ஹெலன் என் தோளில் தட்டினார். இந்த நாட்டில் என்னை ஒருவர் தோளில் தட்டியது அதுவே முதல்முறை.

மேலே இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகவும், பிறகு அளந்து, படமெடுத்து, திரும்ப ஓடையில் விடலாம் என்றும் சொல்லி, ஜீப் சாவியையும், ஓடைத் தண்ணீரில் இறாலை விட்டிருந்த வாளியையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். நான் ஜீப்பில் ஏறி ஹீட்டரை முழுதாகத் திருகினேன். பாவம், அதற்கும் குளிரும்தானே என்று வாளியைக் காலடியில், சூட்டுக்காற்று நேராக அடிக்கிற இடத்தில் வைத்தேன். பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தூங்கிவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து ஹெலன் கதவைத் திறந்தபோது இறால் மல்லாந்து கிடந்தது. தண்ணீர் சூடானால் அதில் ஒட்சிசன் குறையும் என்பது, பரீட்சையில் வருடாவருடம் நானே கேட்ட கேள்வி.

ஹெலன் கத்தவில்லை. "நீங்கள் என்ன படித்ததாகச் சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும் வழி முழுதும் அவர் ஹீட்டர் போடவில்லை.

"அஞ்சு வருஷத்தில ஒரு நாள். அதிலயும் நித்திரை" என்றாள் மனைவி.

நான் இன்னும் கிடங்கில்தான். ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் மச்சான் இதை, 'எங்கட விலங்கியல் வாத்தியார்' என்று தொடங்கி, நடித்துக் காட்டுவான். மல்லாந்த இறாலும் அவனே, குறட்டை விடுகிற நானும் அவனே.

போன மாதம் மகளுக்கு உயிரியல் பாடத்தில் ஒரு சந்தேகம். நான் சொல்லித் தருகிறேன் என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நீங்க ரியலி டீச்சரா இருந்தனீங்களா? மாமா அந்த ஜோக்குக்காகச் சொல்லுறது எண்டெல்லோ நினைச்சனான்."