ரீச்சருக்கு வீடு காட்டிய வீடியோ

என் கையெழுத்து வரியில் நிற்காது. எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று. எந்த ‘ள’ போடுவது என்று சந்தேகம் வந்த இடங்களில், எது பார்க்க அழகாக இருந்ததோ அதைப் போட்டிருக்கிறேன். மன்னித்து வாசிக்கவேண்டும். வாயால் சொல்லலாமே என்றால், நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறக்காது. அந்தக் கூச்சத்தால் வந்த வினைதான் இது.

நான் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குகிறவன். ஊரில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. செத்தவீடுகளில் போன் பிடிப்பது. இப்போது எங்கள் பக்கத்தில் ஒருவர் மோசம் போனால், பிள்ளைகளில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். அவர்கள் பார்த்து அழுவதற்கு இங்கே யாராவது போனைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். நான் ஆறடி உயரம். கை நடுங்காது. முக்கியமாக, கதைக்கமாட்டேன். (இந்த மூன்றும் பொருந்தின ஆள் ஊரில் வேறு இல்லை.)

பிடித்துப் பிடித்து எனக்கென்று ஒரு முறையும் வந்துவிட்டது. முதலில் வெளியே ஒழுங்கையில் நின்று வேலிப் படலையைக் காட்டவேண்டும். பிறகு வாசலில் கழற்றிக் கிடக்கும் செருப்புகள். பிறகு ஆட்கள், ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று மூச்சு நேரம். கடைசியில் உள்ளே போய்க் கட்டிலை ஒரு சுற்று. இடையில் நிறுத்தவும் கூடாது, கதைக்கவும் கூடாது. முடிந்த உடனே அனுப்பிவிடவேண்டும்; அங்கே காத்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் கனடாவில் இருந்து அக்கா போன் எடுத்தார். அக்காவும் அத்தானும் இங்கே விட்டுப்போன வீட்டைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்வது நானும் மனைவி செல்வியும்தான். அதன் பின்பக்க அறையில் இருக்கிறோம்.

“தம்பி, அத்தான் வீட்டை விக்கப்போறாராம். பூட்டிக் கிடந்தால் கறையான்தான் குடியிருக்குமாம். நான் கெஞ்சிக் கேட்டு ஒரு தவணை வாங்கியிருக்கிறன். வவுனியாவிலை இருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் மாற்றலாகி வாறா. வீடியோவிலை பார்த்துப் பிடிச்சால் வாடகைக்கு வருவாவாம். ஆடி பிறந்தால் வீடு மாறமாட்டா. அதுக்கு முதல் எடுத்து அனுப்பு.”

“நானோ அக்கா?”

“நீதானே ஊரிலை எல்லாத்தையும் எடுக்கிறனி.”

எடுக்கிறேன்தான். எதை எடுக்கிறேன் என்று அக்காவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வீடு விற்றுப்போனால் எங்களுக்குப் போக இடமில்லை. இதை நான் செல்வியிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவள் நிலம் கழுவிய வேகத்தைப் பார்த்தபோது, அவளுக்கும் தெரியும் என்று விளங்கியது. சாமான்களை எல்லாம் சுவரோரம் தள்ளினாள். அத்தானின் பெரிய தேக்கங்கட்டிலை மட்டும் அசைக்க முடியவில்லை. எந்த அறைக் கதவுக்குள்ளும் நுழையாமல் அது எப்போதும் மண்டபத்தின் நடுவில்தான் நிற்கும். அதற்குப் புது வெள்ளை விரிப்பு விரித்தாள். தலைமாட்டில் குத்துவிளக்கை ஏற்றி வைத்தாள்.

“வீடு மங்களகரமாத் தெரியவேணும். நான் முழுகிப்போட்டு வாறன், நீங்கள் தொடங்குங்கோ,” என்று கிணற்றடிக்குப் போனாள்.

பின்னேரம் மூன்றரை மணி. ஒழுங்கையில் நின்று, இரண்டு கையாலும் போனைத் தலைக்கு மேலே தூக்கி, படலையில் தொடங்கினேன். குப்பை கொட்ட வெளியே வந்த பக்கத்து வீட்டுப் பவளமக்கா என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

“என்ன தம்பி, ஆர்?”

நான் கதைக்கக் கூடாதே. சோகமாகத் தலையை அசைத்தேன். (என் முகம் சாதாரண நாளிலேயே செத்தவீட்டு முகம். எங்கள் கல்யாண அல்பத்தைப் பார்த்தால் தெரியும்.)

“கனடாவிலையோ?”

வீடியோ கனடாவுக்கும் போகவேண்டியதுதானே. ஓம் என்று தலையாட்டினேன்.

“உன்ரை அத்தானோ?”

வீடு அத்தானுடையதுதான். அதற்கும் ஆட்டினேன்.

அந்த இடத்தில் போனை இறக்கி இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் பவளமக்கா ஏற்கெனவே அழத் தொடங்கிவிட்டார். அழுகிற ஒருவரிடம் ‘அழாதையுங்கோ, இது வாடகைக்கு’ என்று சொல்ல எனக்கு எங்கே வாய் வரும்? நான் பாட்டுக்கு உள்ளே போய், ஒழுகும் குழாய், மதில் வெடிப்பு, மாமரம், சமையலறை அலுமாரி என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று மூச்சு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். குழாய் செத்தவீட்டுச் சொந்தக்காரர் மாதிரி ஆறுதலாக ஒழுகிக் காட்டியது.

திரும்பி வாசலுக்கு வந்தால் முப்பது சோடி செருப்பு. பழக்கதோஷத்தில் அதையும் எடுத்தேன். முற்றத்தில் வாசிகசாலைச் சபா அண்ணை உழவு இயந்திரத்தில் இருந்து ஆட்கள் உட்காரக் கதிரை இறக்கிக்கொண்டிருந்தார். ஊரில் எந்தச் செத்தவீட்டுக்கும் கதிரையோடு முதலில் வருகிறவர் அவர்தான்.

“அண்ணை, காரியம் அங்கையோ இஞ்சையோ?” என்று யாரோ கேட்டார்.

“உடம்பு அங்கை. அப்ப அங்கைதான். நாங்கள் இஞ்சை இருந்து அழுதிட்டுப் போவம்.”

மண்டபத்தில் பெண்கள் வெறும் கட்டிலைச் சுற்றி இருந்துவிட்டார்கள். “என்ரை ராசா, போன முறை வந்தும் என்ரை கையாலை ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போட்டியே,” என்று பவளமக்கா விரிப்பைத் தடவினார். (குடித்தவர். மூன்று கோப்பை.)

அப்போதுதான் செல்வி ஈரத் தலைமயிரை விரித்துவிட்டபடி கிணற்றடியில் இருந்து வந்தாள். அவள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், போனோடு நிற்கும் என்னைப் பார்த்தாள். “ஐயோ” என்று பவளமக்காவின் தோளில் விழுந்தாள். அவள் அழுததைக் கண்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கனடாவில் இருந்து இவளுக்கு ஏதும் செய்தி வந்துவிட்டதோ? கண் கலங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கட்டிலைச் சுற்றி எடுத்து முடித்து, முறைப்படி உடனே அனுப்பிவிட்டேன். அக்காவுக்கு ஒன்று, ரீச்சருக்கு ஒன்று.

ரீச்சரின் பதில் முதலில் வந்தது. “ஆழ்ந்த அனுதாபங்கள். இந்த நேரத்திலும் வீட்டைக் காட்டியதற்கு நன்றி.”

இதற்குள் சபா அண்ணை அத்தானின் இலக்கத்துக்கே போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அக்காதான் எடுப்பார் என்று நினைத்திருக்கிறார்.

“தங்கச்சி, மனதைத் தளர விடாதை. எப்ப தகனம்?”

“ஆரது விடியக் காத்தாலை?” என்றது ஓர் ஆண் குரல். “ஆரின்ரை தகனம்?”

“நான் வாசிகசாலைச் சபா. நீங்கள் ஆர்?”

“நான் மகேசன். என்ரை போனிலை வேறை ஆர் கதைக்கிறது?”

அழுகை அப்படியே நின்றது. சபா அண்ணை முற்றத்துக் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணை, நீங்கள் மோசம் போயிட்டியளெண்டு இஞ்சை அம்பது கதிரை போட்டிருக்கு.”

“எவன் சொன்னவன்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை அந்த நேரத்திலும் என்னால் சொல்ல முடியவில்லை.

“உவன்தான் எண்டு எனக்குத் தெரியும்,” என்றது ஸ்பீக்கர். “அந்த வீட்டை வித்துப்போட்டுத்தான் இனி நான் சாவன்.”

சனம் கலைந்தது. கதிரைகள் போயின. செல்வி விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீ ஏன் அழுதனி?”

“நீங்கள் போன் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டியள்.”

பிறகு அவள் பரணில் இருந்து பெட்டியை இறக்கி, எங்கள் உடுப்புகளை மடித்து அடுக்கத் தொடங்கினாள். அதைப் பார்க்க முடியாமல் நான் குழாயடியில் போய் நின்றேன்.

மறுநாள் காலையில் ரீச்சர் போன் எடுத்தார்.

“ஐயா, நாலு வீட்டு வீடியோ பார்த்தனான். எல்லாரும் ஓடி ஓடி நல்ல மூலையை மட்டும் காட்டினவை. நீங்கள்தான் மதில் வெடிப்பு, ஒழுகிற குழாய் எல்லாத்தையும் ஆறுதலாக் காட்டினியள். எனக்கு வீடு பிடிச்சிருக்கு. செத்த பெரியவரின்ரை எட்டாம் நாள் செலவு முடியத்தான் வரலாமோ?”

“ஒருத்தரும் சாகேல்லை, ரீச்சர்.” முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் சொன்ன மிக நீளமான வசனம் அது.

“அப்ப அவ்வளவு சனம் ஏன் வந்தது?”

எப்படி விளங்கப்படுத்துவது? ரீச்சரே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்.

“வீடு பாக்க வந்த ஆக்களோ?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“வீடு தங்களுக்குக் கிடைக்காதெண்டோ அழுதவை?”

அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. (இதில் மட்டும் நான் பொய் சொன்னேன் என்று செல்வி சொல்கிறாள். சொல்லாததை எப்படிப் பொய் என்பது?)

“ஐயா, வேறை ஒருத்தருக்கும் குடுத்திடாதையுங்கோ. நாளைக்கே வாறன்.”

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கையில் ரீச்சர் லொறியோடு வந்து இறங்கினார். உள்ளே வந்ததும், வீடியோவில் சனம் சுற்றி இருந்து அழுத தேக்கங்கட்டிலைக் கண்டு கைகூப்பினார். செல்வி பெட்டியைப் பரணில் ஏற்றினாள்.

அத்தான் வீட்டை விற்கவில்லை. அந்த வீடியோவை அவர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். போன மாதம் ஊருக்கு வந்தபோது, நன்றாக அழுததற்காகப் பவளமக்காவுக்கு ஒரு சேலை கொடுத்தார். வந்திருந்த எல்லோர் வீட்டுக்கும் சொக்கிலேற் போனது. ஒழுங்கை முனையில் இருக்கும் அவருடைய சொந்தத் தம்பி வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“பேசாமல் இரும்,” என்றார் அத்தான். “நான் செத்ததுக்கே வராதவன்.”

ஆவணி இரண்டாம் ஞாயிறு, பின்னேரம்.