தங்கள் தங்கை இடது கையால் பல் துலக்குவது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் அனைவரும் ................ . இந்த இடத்தில் 'நலம்' என்று எழுதுவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் மின்விசிறித் தொழிற்சாலையின் வாசலில் முப்பத்தொரு வருடம் சோதனை மேற்பார்வையாளராக இருந்தவன் நான். கண்ணால் பார்த்துச் சரிபார்க்காத எதன் அடியிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன், தங்கள் பதில் வந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. காலையில் குளித்துவிட்டு வாசல் கதவைப் பார்த்த மாதிரி என் நாற்காலியில் உட்கார்ந்தால், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்காது. சென்ற மாதம் முதல் தேதி காலையில் தங்கள் தங்கை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பற்பசை தாடை வரைக்கும் வழிகிறது, துடைக்கவும் இல்லை. வலது கை விழுந்துவிட்டது, என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்க ஊறுகாய்ப் பாட்டிலைக் கொடுத்துத் திறக்கச் சொன்னேன், வலது கையால் ஒரே திருகில் திறந்து கொடுத்துவிட்டாள். அப்படியானால் நல்ல கையை வைத்துக்கொண்டு எதற்காக மற்ற கை? "ஏம்மா, கைக்கு என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க" என்கிறாள். மைத்துனரே, வாசலில் என்னிடம் 'ஒண்ணுமில்லை சார்' என்று சொன்ன ஒவ்வொருவனுடைய காலுறையிலும் பன்னிரண்டு திருகாணியாவது இருந்தது. மறுநாள் அதே இடது கையால் டீ ஊற்றினாள். பாதி கோப்பையில், பாதி என் மடியில். அதற்கு மறுநாள் குப்பைக்கூடையில் ஒரு தாள் கிடைத்தது. அதில் இடது கையால் தன் பெயரையே நாற்பது தடவை எழுதிப் பழகியிருக்கிறாள். கையெழுத்தை மாற்றி எழுதிப் பழகுகிறவர்கள் யார் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள்தான்.

இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்த வாரத்திலிருந்து கடைக்குப் போகும் வழியை மாற்றிவிட்டாள். வீட்டிலிருந்து கடைக்கு நேர்ச் சாலை, நூற்றுப் பத்து அடி எடுத்து வைத்தால் கடை. இவள் பின்பக்கமாகப் போய் மூன்று தெரு சுற்றி அதே கடைக்கு வருகிறாள். பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவர் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஊசி போற வழியிலதான் நூல் போகணும் சார். பின்னாலயே போய்ப் பாருங்க" என்றார். போனேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, முகம் தெரியக் கூடாதென்று குடையை விரித்துக்கொண்டு போனேன். இரண்டாவது தெருவில் பூட்டிய இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் நின்று, அதிலுள்ள துருவையே ஐந்து நிமிடம் பார்த்தாள். யாரோ வரப்போகிறார்கள் என்று நான் ஒரு சுவரோரம் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் அன்று காலையில் பூசிய சிமெண்டுத் தரை. கொத்தனார், "யோவ் குடை, கண்ணு தெரியல?" என்று கத்திய கத்தலில் தெருவே திரும்பியது, தங்கள் தங்கை மட்டும் திரும்பவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். என் இடது செருப்புத் தடம் இன்னமும் அங்கே இருக்கிறது.

பிறகு கரண்டி. தங்கள் வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த அந்த நீளக் காம்புக் கரண்டி தங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணமான புதிதில் திறக்காத ஜன்னலை அதை வைத்து நெம்பி நான் வளைத்துவிட்டேன் என்று இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். அந்தக் கரண்டியை மேசை மேல் வைத்துக்கொண்டு தினம் ஒரு தடவை வரைகிறாள். இருபத்திரண்டு கரண்டி எண்ணிவிட்டேன். ஒன்றுகூட மற்றதைப் போல இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் அந்த வளைவு மட்டும் இருக்கிறது. சொத்துப் பிரிப்பதற்கு முன்னால் சாமான் பட்டியல் எடுப்பார்கள், இவள் படமே எடுக்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கரண்டியைப் பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். காம்பின் அடியில் தேய்ந்துபோன ஒரு பூ வேலைப்பாடு இருக்கிறது. இருபத்தேழு வருடமாக அதில் பரிமாறியதைச் சாப்பிட்டிருக்கிறேன், அந்தப் பூவை இப்போதுதான் பார்க்கிறேன். வேறு தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

இதில் என் மகளும் கூட்டு. மழலையர் பள்ளி ஆசிரியை அல்லவா, பையில் எப்போதும் வண்ணத்தாளும் பசையும் வைத்துக்கொண்டு ஒன்றும் அறியாதவள் போல வளைய வருவாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் தாயும் மகளுமாக முன்னறையையே தலைகீழாக மாற்றிவிட்டார்கள். என் நாற்காலி ஜன்னல் பக்கம் போய்விட்டது. நான் பழக்க தோஷத்தில் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே நாற்காலி இல்லை, தரைதான் இருந்தது. மல்லாந்து கிடந்தபடி பார்த்தால் கூரை மூலையில் ஒரு கறை, அச்சு அசல் ஒட்டகம் மாதிரி இருக்கிறது. அதை நான் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்கிவிடுவதற்கு முன்னால் பார்த்துக்கொண்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளவும். வாசலுக்கு முதுகு காட்டி என்னை எதற்காக உட்கார வைக்க வேண்டும்? நான் பார்க்காமல் இந்த வாசல் வழியாக ஏதோ வெளியேறப் போகிறது.

ஆகவே நடவடிக்கை எடுத்தேன். தொழிற்சாலையில் எந்தப் பொருள் வாசலைத் தாண்டினாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். அதே முறையை வீட்டில் கொண்டுவந்தேன். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு, பொருள், காரணம், திரும்பும் நேரம், திரும்பியபோது நிலைமை என்று நான்கு கட்டம். மகள், "குப்பைக்கும் பாஸ் வேணுமாப்பா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன். தங்கள் தங்கை சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு சிரித்தாள். தினம் நாலு மணிக்குச் சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாள். முதல் நாள் சீட்டில் காரணம், 'உட்கார.' இரண்டாம் நாள், 'வானம் பார்க்க.' மூன்றாம் நாள், 'வானத்தைப் பார்த்ததே இல்லை என்று முக்காலி சொன்னது.' கையெழுத்துப் போட்டேன், விதியில் தவறில்லை. திரும்பி வந்ததைச் சோதித்து, நிலைமை என்ற கட்டத்தில், 'முக்காலி சோர்வாகக் காணப்படுகிறது, இறங்கி வர மனமில்லை போலும்' என்று நான் எழுதியிருக்கிறேன். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த வீட்டில் தண்ணீரில் ஏதோ கலக்கிறார்கள்.

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. நேற்றுக் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் அவளுடைய நோட்டு இருந்தது. நான் தேடவில்லை, வழக்கமான சோதனையில் அகப்பட்டது. முதல் பக்கத்தில், 'கதவு இல்லாவிட்டால்' என்று தலைப்புப் போட்டுப் பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள். கதவு இல்லாவிட்டால் அவர் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார் என்று அதில் ஒரு வரி. அடுத்தது, 'உப்பு இல்லாவிட்டால்.' அதுவும் ஒரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் தலைப்பு, 'அவர் இல்லாவிட்டால்.' அதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, நோட்டை வைத்துவிட்டேன்.

மைத்துனரே, 'ஒரு மாதம் இங்கே வந்து இருந்துவிட்டுப் போம்மா' என்று போன மாதம் தாங்கள் அவளுக்கு எழுதியது எனக்குத் தெரியும். கையெழுத்துப் பழக்கம், வேறு வழி, சாமான் படம், வாசலுக்கு என் முதுகு, கடைசியில் அந்தத் தலைப்பு. ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். நெருப்பில்லாமல் புகையுமா? இந்த வீட்டை விட்டு வெளியே போகப்போவது கரண்டி இல்லை, தங்கள் தங்கைதான். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆயிரம் பேருடைய பையைத் திறந்து பார்த்தவனுக்கு இவள் மனதில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க ஒரு வழியும் தெரியவில்லை. நேற்று மாலை நேரடியாகவே கேட்டேன், "நீ எங்கயாவது போகப் போறியா?" என்று. "நான் சொன்னா நம்பவா போறீங்க? எங்க அண்ணனுக்கு எழுதிக் கேளுங்க. உக்காந்து, நடுவுல நிறுத்தாம, மனசுல இருக்குறது அத்தனையும் எழுதுங்க" என்று சொல்லிப் பேனாவையும் ஒரு கத்தைத் தாளையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். திருடனே சாவியை நீட்டினால் வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? எழுதிவிட்டேன். அவள் தங்களுக்கு ஏதாவது எழுதியிருக்கிறாளா, வருகிறேன் என்றாளா, எத்தனை நாளைக்கு என்றாளா, திரும்பும் நேரம் போட்டிருக்கிறாளா, இவற்றுக்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, அங்கே யாராவது திடீரென்று இடது கையைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் அவர்களுக்கு என் எச்சரிக்கை.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன் (இந்தத் தேதி வரை)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு உறை எடுக்க அலமாரியைத் திறந்தேன். மேலாக ஒரு உறை தயாராக இருந்தது. தபால்தலை ஒட்டி, தங்கள் முகவரியும் எழுதியாகிவிட்டது, கோணல்மாணலான இடது கை எழுத்தில். அலமாரிக் கதவின் உள்பக்கம் பார்த்தால், மகளுடைய பள்ளித் தாளில் ஒரு அச்சடித்த பட்டியல். 'வீட்டிலிருந்தபடியே கற்பனையைத் தூண்டும் எளிய அன்றாடப் பயிற்சிகள்' என்று தலைப்பு. பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு இரண்டு கட்டம். ஒன்றில் 'நான்', இன்னொன்றில் 'அவர்.' மற்ற கையால் ஒரு வேலை செய்வது, இருக்கும் ஒன்று இல்லாவிட்டால் என்று ஒரு பக்கம் எழுதுவது இரண்டும் அவளுடைய கட்டத்தில் மட்டும். ஆனால் புதிய வழியில் நடப்பது என்பதற்கு எனக்கும் ஒரு டிக். தெரிந்த அறையைத் தெரியாத கோணத்தில் பார்ப்பது என்பதற்கு டிக், பக்கத்தில் சின்னதாக 'ஒட்டகம்' என்று எழுதியிருக்கிறது. ஒரு பொருளை உற்றுப் பார்ப்பதற்கும், பொருளைப் பேச வைப்பதற்கும் டிக். இல்லாத ஒன்றை இருப்பதாகக் கற்பனை செய்வது என்பதற்கு எனக்கு மட்டும் மூன்று டிக் போட்டிருக்கிறார்கள், அது ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்று, "எத்தனை பக்கம் ஆச்சு?" என்று கேட்டாள். ஆறு என்றேன். என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, 'நிறுத்தாமல் நான்கு பக்கம் ஒருவருக்கு எழுதுவது' என்ற வரியில் எனக்கு ஒரு டிக் போட்டாள். 'பத்து நிமிடம் சும்மா இருப்பது' என்பதில் மட்டும் என் கட்டம் காலி. எட்டு மாதமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவனுக்கு அதில் டிக் இல்லையா என்று கேட்டேன். "நீங்க எங்க சும்மா இருந்தீங்க, காவல் இல்ல இருந்தீங்க" என்றாள். பிறகு நோட்டைக் கொண்டுவந்து மூன்றாவது பக்கத்தைத் திறந்து, "மிச்சத்தையும் படிச்சுடுங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அதில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

'அவர் இல்லாவிட்டால் ஒரு நாள் நிம்மதியாக இருக்கும். இரண்டாம் நாள்... வரவில்லை. உப்புக்கு ஒரு பக்கம் வந்தது, இதற்கு வரவில்லை. இன்று சிமெண்டில் ஒரு செருப்புத் தடம் பார்த்தேன். குதிகால் பக்கம் தேய்ந்தது. நான் நடந்த வழியெல்லாம் வந்திருக்கிறது. மகளிடம் சொல்லி இந்தப் பயிற்சியை மாற்றிக்கொள்ள வேண்டும்.'

ஆகவே மைத்துனரே, மேலே கேட்ட எதற்கும் பதில் தேவையில்லை. கடிதத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். எழுதியதை ஒரு மாதம் கழித்து வாசித்துப் பார்ப்பது என்று பட்டியலில் கடைசியாக ஒன்று இருக்கிறது. இன்று நாலு மணிக்கு மொட்டை மாடிக்கு இரண்டு முக்காலி என்று என் மனைவி சீட்டு எழுதி மேசையில் வைத்திருக்கிறாள். காரணம் என்ற கட்டத்தை எனக்காகக் காலியாக விட்டிருக்கிறாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் நான் புள்ளி வைத்து விட்ட இடத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.